என்.பி.ஏ. ஆடாமலே பெரிய ஆட்டக்காரர்: ஐரோப்பாவில் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான யூரோலீக் ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். இத்தனை அமெரிக்கர்கள் ஏன் இங்கே ஆடுகிறார்கள், எப்படி வந்தார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், திரும்பிப் போவார்களா? அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களுக்கு அடிப்படையாக அமெரிக்க வீரர் கைல் ஹைன்ஸின் 16 சீசன்களை எடுத்துக்கொள்கிறோம். ஐரோப்பிய வாழ்க்கை படிப்படியாக எப்படி ஏறும் என்பதை அவரைவிடத் தெளிவாகக் காட்டுபவர் இல்லை.

கைல் ஹைன்ஸ் யாரு? நான் பத்து வருஷமா என்.பி.ஏ. பார்க்கிறேன், இந்தப் பேரே கேட்டதில்லையே?

கேட்டிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1986-இல் பிறந்தவர், நியூ ஜெர்சி மாநிலத்தின் சிக்லர்வில் ஊர்க்காரர். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்துக்காக 2004 முதல் 2008 வரை ஆடி, 2,000 புள்ளி, 1,000 ரீபவுண்ட், 300 பிளாக் மூன்றையும் கடந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த மூன்றையும் சேர்த்து எட்டியவர்கள் வெகு சிலரே. இருந்தும் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2008-இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை.

அந்த ஆண்டே இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் இருந்த வெரோலி அணியில் சேர்ந்து இரண்டு சீசன் ஆடினார். 2010-11இல் ஜெர்மனியின் பாம்பெர்க். அங்கே லீக் பட்டம், கோப்பை இரண்டையும் வென்றதோடு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் கிரீஸின் ஒலிம்பியாகோஸ், 2013 முதல் 2020 வரை மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ., பிறகு 2024-இல் ஓய்வு பெறும்வரை மிலானோ.

என்.பி.ஏ.வே ஆடாதவரை எப்படிப் பெரிய பிளேயர்னு சொல்றீங்க?

நான்கு யூரோலீக் பட்டங்கள்: ஒலிம்பியாகோஸுடன் 2012, 2013, சி.எஸ்.கே.ஏ.வுடன் 2016, 2019. ரஷ்யாவை மையமாகக் கொண்ட வி.டி.பி. லீக்கில் ஆறு பட்டங்கள். மிலானோவில் 2022, 2023, 2024 என வரிசையாக மூன்று இத்தாலியப் பட்டங்கள். யூரோலீக்கின் தலைமைப் பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தரும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை: 2016, 2018, 2022. மூன்றாவது முறை வாங்கியபோது வயது 35.

இத்தனைக்கும் யூரோலீக்கில் அவருடைய சராசரி ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளியைக்கூடத் தொடாது. ஸ்கோர் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அவரைத் தவறவிட்டுவிடுவார். அவர் எடுத்த புள்ளிகளில் அல்ல, எதிரணியை எடுக்கவிடாத புள்ளிகளில்தான் அவருடைய மதிப்பு இருந்தது.

யூரோலீக்னா ஐரோப்பாவோட என்.பி.ஏ.வா? அப்போ இத்தாலி லீக், ஸ்பெயின் லீக்னு தனியா சொல்றது என்ன?

ஐரோப்பாவில் ஒரு கிளப் ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகளில் ஆடும். ஒன்று அதன் நாட்டு லீக். மற்றது கண்டம் தழுவிய கோப்பை. கண்ட அளவில் உச்சியில் இருப்பது யூரோலீக். 1958-இல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையாகத் தொடங்கிய மரபு அது. அதற்கு அடுத்து யூரோகப், உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா நடத்தும் சாம்பியன்ஸ் லீக், அதற்கும் கீழே ஃபிபா ஐரோப்பா கோப்பை.

நாட்டு லீக்குகளில் ஸ்பெயினின் ஏ.சி.பி.தான் மேலிருந்து கீழ்வரை வலுவானது என்பது எங்கள் கணிப்பு. துருக்கி, இத்தாலி, கிரீஸ், ஜெர்மனி, பிரான்ஸ், பழைய யூகோஸ்லாவிய நாடுகளின் ஏ.பி.ஏ. லீக் எல்லாம் அடுத்த வரிசை. பெரும்பாலான நாட்டு லீக்குகளில் கடைசி இடத்தில் முடிக்கும் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். என்.பி.ஏ.வில் இல்லாத இந்தப் பயம்தான் பிப்ரவரி மாதத்தில் கிளப்புகள் அவசர அவசரமாக ஆளை மாற்றுவதற்குக் காரணம்.

ஒரு சீசன் எப்படிப் போகும்? வாரத்துக்கு எத்தனை மேட்ச்?

ஆகஸ்டில் பயிற்சி முகாம், செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் ஆட்டங்கள், மே கடைசி அல்லது ஜூன் வரை. யூரோலீக் கிளப்புக்கு வழக்கமான வாரத்தில் இரண்டு ஆட்டம்: வார நடுவில் யூரோலீக், வார இறுதியில் நாட்டு லீக். சில வாரங்களில் யூரோலீக்கே இரண்டு வரும், அப்போது மூன்று.

2024-25 வரை யூரோலீக்கில் 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டம். 2025-26இல் 20 அணிகளாக்கி 38 ஆட்டமாக உயர்த்திவிட்டார்கள். அதன்பின் நாக்-அவுட் சுற்றுகள், கடைசியில் ஒரே நகரத்தில் ஒரே வார இறுதியில் ஃபைனல் ஃபோர். அரையிறுதியும் இறுதியும் தலா ஒரே ஆட்டம்தான். ஏழு ஆட்டத் தொடரில் பழகியவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். 2012 இஸ்தான்புல் இறுதியில் சி.எஸ்.கே.ஏ. 19 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஒலிம்பியாகோஸ் அதை முழுவதும் கரைத்து, யோர்கோஸ் பிரின்டேசிஸ் கடைசி நொடியில் போட்ட பந்தால் 62-61 என வென்றது. ஹைன்ஸின் முதல் யூரோலீக் பட்டம் அதுதான்.

ரூல்ஸ் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. மொத்தம் 40 நிமிடம், என்.பி.ஏ.வில் 48. ஐந்தாவது ஃபவுலில் வெளியே, அங்கே ஆறு. மூன்று புள்ளிக் கோட்டின் நீண்ட தூரம் 6.75 மீட்டர், அங்கே 7.24. டைம்-அவுட்டைப் பயிற்சியாளர்தான் கேட்க முடியும், களத்தில் இருக்கும் வீரர் கேட்க முடியாது. ஷாட் அடித்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலேயே இருந்தாலும் யாரும் தட்டிவிடலாம்.

எல்லாவற்றையும்விட ஆட்டத்தை மாற்றுவது ஒரு விதி இல்லாததுதான். என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் உள்ள பெயின்டில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா விதிகளில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, உயரமான தடுப்பாட்டக்காரர் அங்கேயே குடியிருக்கலாம். தனியாளாக உள்ளே பாய்ந்து முடிப்பதையே தொழிலாக வைத்திருந்த கார்டுகள் (பந்தை நடத்திவரும் வெளிப்புற ஆட்டக்காரர்கள்) முதல் மாதம் தடுமாறுவது இதனால்தான்.

ஹைன்ஸ் உயரம் 1.98 மீட்டர்தானே. சென்டரா எப்படித் தாக்குப்பிடிச்சார்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். சென்டர் என்பது கூடைக்கு அருகே ஆடும், பொதுவாக அணியிலேயே உயரமானவரின் இடம். அவர் ஐரோப்பாவில் 16 ஆண்டு நிலைத்ததன் ரகசியமே இதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய அணிகளின் தாக்குதலுக்கு அடித்தளம் பிக் அண்ட் ரோல். பந்தோடு வரும் கார்டைக் காப்பவரின் வழியில் சென்டர் வந்து நின்று மறிப்பார், கார்டு அவரைச் சுற்றிப் போவார், சென்டர் கூடையை நோக்கித் திரும்பி ஓடுவார். தடுக்கிற சென்டருக்கு மூன்று வழிகள். பெயின்டில் பின்வாங்கி நிற்பது டிராப். அதில் கார்டுக்கு எளிதாக எறிய இடம் கிடைத்துவிடும். வெளியே பாய்ந்து கார்டை ஓரிரு தப்படி பக்கவாட்டில் தள்ளிவிட்டு ஓடித் திரும்புவது ஹெட்ஜ். திரும்பும் அந்த ஒரு விநாடி கூடைக்கு அடியில் யாரும் இல்லை. மூன்றாவது, ஆளையே மாற்றிக்கொள்வது: சென்டர் கார்டைக் காப்பார், கார்டு சென்டரைக் காப்பார். இதுதான் ஸ்விட்ச்.

ஸ்விட்ச் செய்தால் தாக்குதல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். யாருக்கும் இடைவெளி கிடைக்காது. ஆனால் பெரும்பாலான சென்டர்களால் வேகமான கார்டின் முன்னால் காலை நகர்த்தி நிற்க முடியாது. ஹைன்ஸால் முடிந்தது. இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கை தூரம் விட்டு, கார்டின் வலுவான கைப்பக்கத்தை அடைத்து நிற்பார். எம்பிக் குதிக்கவே மாட்டார். எறியும் கை மேலே போனபிறகுதான் அவர் கை எழும். மறுபுறத்தில் 2.10 மீட்டர் சென்டர் அவர் மேல் முதுகைச் சாய்த்துக் கூடையை நோக்கித் தள்ள வந்தால், பந்து வருவதற்கு முன்பே தொடையாலும் இடுப்பாலும் ஓரடி வெளியே நகர்த்திவிடுவார். பந்து கைக்கு வரும்போது அந்தச் சென்டர் தனக்குப் பிடித்த இடத்தில் இருக்கமாட்டார். உயரம் குறைவு என்பதே இங்கே உதவி. தாழ்ந்த உடலைத் தள்ளுவது கடினம்.

தாக்குதலிலும் இதே எளிமைதான். மறிப்பு வைத்துவிட்டுக் கூடைவரை ஓடாமல், ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தை வாங்குவார். அவருடைய தடுப்பாளர் கார்டின் மேல் இருப்பதால் முன்னால் நால்வருக்கு எதிராக மூவர்தான் இருப்பார்கள். யார் உதவிக்கு வருகிறார் என்று பார்த்து, அவர் விட்டுவந்த ஆளுக்குப் பந்தைக் கொடுக்க ஒரு விநாடி. பழைய சி.எஸ்.கே.ஏ. ஆட்டங்கள் கிடைத்தால், பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள்.

காலேஜ் முடிச்சவங்க ஐரோப்பாவுக்கு எப்படிப் போறாங்க? நேரா யூரோலீக்ல எடுத்துக்க மாட்டாங்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். ஜூன் கடைசியில் டிராஃப்ட், ஜூலையில் என்.பி.ஏ. சம்மர் லீக். அங்கே இடம் கிடைக்காதவரை அவருடைய ஏஜென்ட் கிளப்புகளிடம் எடுத்துச் செல்வார். முதல் ஆண்டு வீரரை ஆங்கிலத்திலேயே ரூக்கி என்பார்கள். அவருக்குப் பொதுவாகக் கிடைப்பது இரண்டாம் டிவிஷன் அல்லது சிறிய லீக்: இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸின் இரண்டாம் டிவிஷன், பெல்ஜியம், போலந்து, ஹங்கேரி.

முதல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தைவிட மூன்று விஷயம் முக்கியம். நிறைய நிமிடம் ஆடக் கிடைக்குமா. கிளப் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்குமா. அந்த லீக்கின் ஆட்டங்களை மேல்நிலைக் கிளப்புகள் கவனிக்கின்றனவா. பெரிய கிளப்பின் பெஞ்சில் 5 நிமிடம் உட்கார்ந்து எழுந்தவரைவிட, சிறிய கிளப்பில் 32 நிமிடம் ஆடியவருக்கு அடுத்த கோடையில் நல்ல அழைப்பு வரும். ஹைன்ஸ் வெரோலியில் இரண்டு ஆண்டு இருந்தது வீண்போகவில்லை. அங்கிருந்து வந்த பாம்பெர்க் அழைப்புதான் அவரை முதன்முறையாக யூரோலீக்கில் ஆடவைத்தது.

அமெரிக்காவிலேயே ஜி லீக்ல ஆடலாமே? என்.பி.ஏ. பக்கத்துலயே இருக்குமே?

இருக்கும். ஜி லீக் என்.பி.ஏ.வே நடத்தும் வளர்ப்பு லீக், அழைப்பு வந்தால் மறுநாளே என்.பி.ஏ. அணியில் நிற்கலாம். ஆனால் அடிப்படை ஜி லீக் ஒப்பந்தத்தின் சம்பளம் சீசனுக்கு 40,000 டாலரைச் சற்றே தாண்டும், அதுவும் வரிக்கு முன்பு. ஐரோப்பாவில் நடுத்தரமான முதல் டிவிஷன் கிளப்பே அதைவிட அதிகம் கொடுக்கும், வீட்டு வாடகையும் அதன் பொறுப்பு. யூரோலீக்கின் உச்சத்தில் இருக்கும் சிலருக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் யூரோ. சிறிய லீக்கின் ரூக்கிக்கு மாதம் சில ஆயிரம்தான்.

24 வயதுக்குள் இருப்பவர், என்.பி.ஏ. அணி ஒன்று உண்மையாகவே கண் வைத்திருப்பவர், ஓராண்டு ஜி லீக்கில் இருந்து பார்ப்பது நியாயம். அதற்குமேல் காத்திருப்பது வருமானத்தையும் ஆட்டத்தையும் தேய்த்துவிடும் என்பது எங்கள் கருத்து.

ஒரு டீம்ல எத்தனை அமெரிக்கர்கள் இருக்கலாம்?

யூரோலீக்கில் குடியுரிமைக் கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு எல்லாம் நாட்டு லீக்குகளில்தான். ஜெர்மனியில் 12 பேரில் 6 பேர் ஜெர்மானியர் ஆக இருக்க வேண்டும். ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் இரண்டு பேர்தான், கூடவே உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. இத்தாலியில் ஐந்து அல்லது ஆறு வெளிநாட்டவர் என்று கிளப் முன்கூட்டியே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்கும். இந்த எண்கள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு கோடையிலும் லீக்கின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றிய நாடுகளின் வீரர்களை வெளிநாட்டவர் கணக்கில் அடைக்கக் கூடாது என்று 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்கு முன்பு இரண்டு வெளிநாட்டவர் என்பதே பரவலான அளவு. அந்த இரண்டு இடங்களுக்கு வந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. 1975-இல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற பாப் மெக்கடூ, மிலானோவுடன் 1987, 1988 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். அதற்கு வெகு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டே மிலானோவுக்காக ஆடி 1966 ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் பில் பிராட்லி. பின்னாளில் நியூ ஜெர்சியின் செனட்டர் ஆனவர் அவர்தான்.

சில அமெரிக்கர்கள் வேற நாட்டுக்காக ஆடுறாங்களே, அது எப்படி? பாஸ்போர்ட் விலைக்குக் கிடைக்குதா?

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. முதலாவது, தேசிய அணி. ஒரு நாடு தன் நலனுக்காகச் சிறப்புக் குடியுரிமை கொடுக்கும். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரைத்தான் அணியில் வைக்கலாம் என்பது ஃபிபா விதி. அப்படி ரஷ்யக் குடியுரிமை பெற்ற ஜே.ஆர். ஹோல்டன் 2007-இல் மாட்ரிட் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் போட்ட பந்தால் ரஷ்யா 60-59 என ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. 2011-இல் போ மெக்கேலப் மாசிடோனியாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 2017-இல் ஸ்லோவேனியாவோடு அந்தோணி ராண்டால்ஃப், 2022-இல் ஸ்பெயினோடு லொரென்சோ பிரௌன் பட்டம் வென்றார்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன ஒதுக்கீட்டுக் கணக்கு. தாத்தா பாட்டி வழியில் இத்தாலியக் குடியுரிமை கிடைத்தால் அந்த அமெரிக்கர் ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஐரோப்பியர் ஆகிவிடுவார். இத்தாலிய வம்சாவளியினரான மைக் டான்டோனி இத்தாலியின் தேசிய அணிக்கே ஆடியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தோடு கொட்டனூ என்ற வணிக, வளர்ச்சி உடன்பாடு செய்துகொண்ட ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளின் குடியுரிமை இருந்தாலும் ஸ்பெயினில் அந்த இரண்டு இடக் கணக்கில் வரமாட்டார். அதனால் ஒரே திறமை உள்ள இருவரில் சரியான பாஸ்போர்ட் உள்ளவருக்குச் சம்பளம் கூடுதல். ஆவணம் உண்மையானதாக இருக்க வேண்டும். போலிப் பாஸ்போர்ட் பிடிபட்டால் தடை, வழக்கு இரண்டும் வரும்.

கான்ட்ராக்ட்ல என்னென்ன இருக்கும்?

சம்பளம் நெட் தொகையாக எழுதப்படும். உள்ளூர் வரியைக் கிளப் கட்டும், எழுதிய தொகை வீரர் கைக்கு வரும். பொதுவாகப் பத்து மாதத் தவணை. அதோடு சாமான்களோடு கூடிய வீடு, கார், விமான டிக்கெட்டுகள், மருத்துவக் காப்பீடு, வெற்றிக்கான போனஸ். ஏஜென்ட் கட்டணம் வழக்கமாகச் சம்பளத்தில் 10 சதவீதம், கிளப் தனியாகக் கொடுக்கும். இவற்றையெல்லாம் பொத்தாம்பொதுவாக விடக் கூடாது. மின்கட்டணம் யார் கட்டுவது, இணையம் உண்டா, கார் ஆட்டோமேட்டிக்கா, டிக்கெட் குடும்பத்துக்கும் சேர்த்தா, குழந்தையின் ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணம் யாருடையது என்று வரி வரியாக எழுத வேண்டும். கியர் வண்டி ஓட்டிப் பழகாத அமெரிக்கர்கள் நிறையப் பேர். கார் பற்றிய அந்த வரி அற்பமானது அல்ல.

சண்டை வருவது மருத்துவப் பரிசோதனையில்தான். வந்து இறங்கியதும் பரிசோதனை, தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும். இதற்கு 48 அல்லது 72 மணி நேரம் என்று கெடு எழுத வேண்டும். அதற்குள் பரிசோதிக்காவிட்டாலோ, பரிசோதிக்காமல் பயிற்சியில் இறக்கினாலோ தேறியதாகவே கொள்ளப்படும் என்ற வரியும் வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் முழங்கால் சரியில்லை என்று திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும். காயம் பட்டாலும், ஆட்டம் சரியில்லை என்றாலும் முழுத் தொகை உறுதி என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

1+1 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓராண்டு உறுதி, இரண்டாம் ஆண்டு விருப்பம். யாருடைய விருப்பம் என்பதுதான் கேள்வி. கிளப்பின் விருப்பம் என்றால் விலகுவதற்கான கடைசித் தேதி ஜூன் முடிவதற்குள் இருக்க வேண்டும். ஜூலை கடைசியில் விட்டுவிட்டால் மற்ற கிளப்புகளில் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும்.

சம்பளம் வராம போனா என்ன செய்வாங்க?

இது அடிக்கடி நடக்கிறது. நல்ல ஒப்பந்தத்தில் இத்தனை நாள் தாமதமானால் அபராதம், அதற்குமேல் தாமதமானால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வர வேண்டியதில்லை, அதற்குமேல் போனால் வீரர் விலகிக்கொண்டு முழுப் பாக்கியையும் கேட்கலாம் என்று படிப்படியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கோபத்தில் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் வீரர்தான் என்று ஆகிவிடும்.

வழக்கு போகும் இடம் பி.ஏ.டி. எனப்படும் கூடைப்பந்து நடுவர் மன்றம். ஃபிபா 2007-இல் தொடங்கியது, சட்டப்படியான இருப்பிடம் ஜெனீவா. ஒரே நடுவர், ஆங்கிலத்தில் நடவடிக்கை, எந்த ஒரு நாட்டின் சட்டத்தையும் பிடித்துக்கொண்டிராமல் நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு. தீர்ப்புப்படி பணம் தராத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை விதிக்கும். கிளப்புகள் அஞ்சுவது அதற்குத்தான். ஆனால் ஒப்பந்தத்தில் பி.ஏ.டி. பெயர் குறிப்பிட்ட பிரிவு இல்லாவிட்டால் அங்கே போகவே முடியாது. பிறகு அந்த நாட்டு நீதிமன்றம், அந்த நாட்டு மொழி.

சீசன் நடுவுல கிளப் மாறலாமா?

மாறலாம், தினமும் நடக்கிறது. ஆனால் நாடு விட்டு நாடு மாறும்போது பழைய நாட்டின் சம்மேளனம் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் என்ற அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். பழைய ஒப்பந்தம் உயிரோடு இருந்தால் அது கிடைக்காது. ஆகவே விலகும்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட முடிவுறுத்தல் ஆவணத்தைக் கையில் வாங்காமல் ஊரைவிட்டுப் புறப்படக் கூடாது. ஒவ்வொரு லீக்கும் ஒரு கடைசிப் பதிவுத் தேதி வைத்திருக்கும்; அது தாண்டினால் கடிதம் இருந்தும் பயனில்லை.

நெட் சம்பளம்னா அமெரிக்காவுல வரியே கட்ட வேண்டாமா?

இப்படி நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் தன் நாட்டில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் உழைத்துப் பெற்ற வருமானத்தில் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு. 2024-க்கு அது 1,26,500 டாலர். அந்த விலக்குக்கான ஒரு வழி, தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருப்பது. ஜூனில் சீசன் முடிந்து ஆகஸ்ட் வரை ஊரில் இருந்தாலே அந்தக் கணக்கு உடைந்துவிடும். இன்னொரு வழி, வெளிநாட்டில் முழு வரி ஆண்டும் உண்மையான வசிப்பிடம் வைத்திருந்ததைக் காட்டுவது. பல ஆண்டு ஒரே நாட்டில் ஆடுபவருக்கு இது பொருந்தும்.

மூன்றாவது வழி, வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது. அதற்கு அந்த வரி வீரரின் பெயரில் கட்டப்பட்டதற்கான சான்று வேண்டும். பல கிளப்புகள் கேட்டால்கூட இதைக் கொடுப்பதில்லை. வரிச் சான்றிதழை இந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

ஐரோப்பா போயிட்டா என்.பி.ஏ. கதவு மூடிடுமா?

மூடாது. அந்தோணி பார்க்கர் மக்காபி டெல் அவிவில் 2005, 2006 யூரோலீக் சிறந்த வீரர் விருதுகளை வாங்கிவிட்டு டொராண்டோவுக்குப் போனார். பி.ஜே. டக்கர் ஐந்தாண்டு இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று அலைந்து, 2012-இல் ஃபீனிக்ஸ் வழியாகத் திரும்பி, 2021-இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. சாம்பியன் ஆனார். நைஜல் ஹேய்ஸ்-டேவிஸ் 2024-இல் ஒரே யூரோலீக் ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து, 2025-இல் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போனார்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வீரரை என்.பி.ஏ. அணி நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் கோடையில் குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட தொகை கொடுத்தால் விடுவிக்க வேண்டும் என்ற பிரிவை வைப்பார்கள். ஐரோப்பாவிலேயே நிலைப்பதும் ஒரு தேர்வுதான். 2024-இல் யூரோலீக் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஆன மைக் ஜேம்ஸ் தன் பெயரை ஐரோப்பாவில்தான் சம்பாதித்தார்.

காலேஜே போகாம நேரா ஐரோப்பா போறது நல்லதா?

2008-இல் பிராண்டன் ஜென்னிங்ஸ் அதைச் செய்தார். இத்தாலியின் ரோமா அணியில் அவருக்கு நிமிடங்கள் குறைவு, புள்ளிகளும் குறைவு. ஆனாலும் 2009 டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டு, முதல் மாதத்திலேயே மில்வாக்கிக்காக ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி எடுத்தார். இன்று அந்த வழியில் போக அவ்வளவு காரணம் இல்லை. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரிகளே பணம் தரலாம். ஐரோப்பிய இளைஞர்கள்தான் இப்போது எதிர்த்திசையில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள்.

பெரிய பேரோட வர்ற அமெரிக்கர்கள் டிசம்பர்லயே காணாம போறாங்களே, ஏன்?

ஆட்டம் 40 நிமிடம், சுழற்சியில் பத்துப் பேர். நட்சத்திரத்துக்கே 25 நிமிடம்தான் கிடைக்கும். பத்து முறை எறிந்தாலே அதிகம். பந்தைக் கையில் வைத்துத் தாளம் பிடிக்க நேரம் கேட்பவருக்கு அது போதாது. பெயின்ட் அடைபட்டுக் கிடப்பது பற்றி விதிகள் பதிலில் சொன்னோம். பயிற்சியாளர்கள் ஒரு தடுப்புத் தவறுக்கே வெளியே அழைத்துவிடுவார்கள். மூன்று ஆட்டம் தோற்றால் ரசிகர்களும் பத்திரிகைகளும் பெயர் சொல்லித் திட்டும் முதல் ஆள் வெளிநாட்டவர்தான், கிளப் முதலில் மாற்ற நினைப்பதும் அவரைத்தான்.

நிலைப்பவர்கள் முதல் மாதத்திலேயே பயிற்சியாளரிடம் போய், நான் எந்த நிமிடங்களில் எதற்காகக் களத்தில் இருக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள். எட்டோரே மெசினா ஹைன்ஸை முதலில் சி.எஸ்.கே.ஏ.வில் பயிற்றுவித்தார். பின்பு மிலானோவின் பொறுப்பை ஏற்றபின், 2020-இல் ஹைன்ஸ் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. அந்த வயதுச் சென்டரைப் பெரிய கிளப் எடுப்பது, அவர் என்ன செய்வார் என்பது ஐயமின்றித் தெரிந்தால்தான்.

ரஷ்யக் கிளப்புகள் இப்போ யூரோலீக்ல இல்லையே, சி.எஸ்.கே.ஏ. என்னாச்சு?

உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து 2022 பிப்ரவரியில் ரஷ்யக் கிளப்புகள் யூரோலீக்கிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டன. வி.டி.பி. லீக் தொடர்ந்து நடக்கிறது, அமெரிக்கர்கள் சிலர் அங்கேயும் ஆடுகிறார்கள். ஆனால் யூரோலீக் மேடையில் தெரியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

நாலு யூரோலீக் பட்டம்னா, அமெரிக்கர்களிலேயே ஹைன்ஸ்தானே முதலிடம்?

எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு வீரராகவே வந்து ஆடியவர்களை மட்டும் எடுத்தால், வரேசே அணியோடு 1973, 1975, 1976 கோப்பைகளை வென்ற பாப் மோர்ஸ் போன்றவர்களை அவர் தாண்டிவிட்டார். ஆனால் ரியல் மாட்ரிட்டுக்கு வந்து ஸ்பானியக் குடியுரிமை பெற்ற அமெரிக்கர்களையும் சேர்த்தால் கணக்கு மாறும். மினசோட்டாவில் பிறந்த வெய்ன் பிரபெண்டர் நான்கு கோப்பைகள் வென்றிருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பிறந்த கிளிஃபர்ட் லுய்க் 1964 முதல் 1978 வரை ஆறு. இன்னொரு வித்தியாசமும் உண்டு: அந்த இருவரும் எல்லாக் கோப்பைகளையும் ஒரே கிளப்போடு வென்றவர்கள். ஹைன்ஸ் இரண்டு கிளப்புகளோடு வென்றார், இரண்டிலும் தலா இருமுறை.